டிரைவைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள மாப்ளே,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. திட்டி முடித்துவிட்டாய் என்றால் மேலே படி. அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மொட்டையை விசாரித்ததாகச் சொல், ஆனால் அவன் சொல்லும் வைத்தியம் எதையும் கணினிக்குச் செய்யாதே.

டிவிடி டிரைவ் காணாமல் போனதைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்பாரி வைத்துவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் 'எம்.2 எஸ்எஸ்டி போட்ட பிறகுதான்' என்கிறாயே, துப்பே அதுதானடா! பல மதர்போர்டுகளில், எஸ்எஸ்டி என்ற அந்தச் சேமிப்புச் சில்லைச் செருகும் எம்.2 ஸ்லாட்டும், டிரைவ்களின் டேட்டா கேபிளை மாட்டும் ஏதாவது ஒரு சாட்டா போர்ட்டும் தகவல் போகும் ஒரே தடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்லாட்டில் எஸ்எஸ்டி உட்கார்ந்ததும் அந்த போர்ட் செத்துவிடும். டிரைவுக்கு மின்சாரம் தனி வயரில் வருவதால் விளக்கு எரியும், தட்டு திறக்கும். கணினிக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எது எதை அணைக்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், எஸ்எஸ்டி சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்பதைப் பொறுத்தும் மாறும். மதர்போர்டு கையேட்டில் அதற்கென்று அட்டவணை இருக்கும், பார்.

கணினியை அணைத்து, மின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, டிரைவின் டேட்டா கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்று. பிறகு விண்டோஸுக்குள் போகாமல் நேராக பயாஸுக்கு, அதாவது விண்டோஸ் எழும் முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குப் போய், அங்கே டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பார். பயாஸில் இல்லாத டிரைவை விண்டோஸில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. 'டிரைவர் அப்டேட்' என்று காசு கேட்கும் மென்பொருள் எதையும் இறக்காதே. சிடி, டிவிடி டிரைவுக்கு வேண்டிய டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், விண்டோஸிலேயே இருக்கிறது.

போர்ட் மாற்றியும் பயாஸில் வரவில்லையா? ஹார்ட் டிஸ்கில் ஒழுங்காக ஓடும் கேபிளைக் கழற்றி இதில் மாட்டிப் பார். 7 பின் உள்ள அந்த ஒல்லி டேட்டா கேபிள் மடிந்தாலோ பாதி கழன்றாலோ போதும், டிரைவ் மறைந்துவிடும். தட்டே திறக்கவில்லை என்றால் 15 பின் பவர் இணைப்பைச் சந்தேகப்படு, அதுவும் அடாப்டர் வழியாக வருகிறது என்றால் முதலில் அதைத்தான். பயாஸில் அந்த போர்ட்டை யாராவது 'டிசேபிள்' செய்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் சாட்டா மோடை, அதாவது டிஸ்க்குகளோடு கணினி பேசும் முறையை, தொடாதே. ஏஹெச்சிஐ, ரெய்டு என்று அதை மாற்றி வைத்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் கதை வேறு. கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரைத் திற. மஞ்சள் முக்கோணத்தோடு டிரைவ் தெரிந்தால் பிராப்பர்ட்டீஸில் கோட் எண்ணைப் பார். 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்றாக இருந்தால், எப்போதோ நீக்கிய சிடி எழுதும் மென்பொருள் விட்டுப்போன குப்பைதான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக இறங்கு. 4டி36இ965 என்று தொடங்கும் ஃபோல்டரில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு மதிப்புகள் இருந்தால் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த ஒன்றை மட்டும்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன், கவனமாகக் கேள். அந்த வரிசையில் எல்லா ஃபோல்டர் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். 4டி36இ967 ஹார்ட் டிஸ்க்குடையது, 4டி36இ96பி கீபோர்டுடையது. அங்கே கைவைத்து அதே மதிப்புகளை நீக்கினால் விண்டோஸ் ஏறாது, அல்லது கீபோர்டு ஊமையாகிவிடும். வலப்பக்கத்தில் 'கிளாஸ்' என்பதற்கு நேராக சிடிராம் என்று இருந்தால்தான் சரியான இடம். நீக்கும் முன் அந்த ஃபோல்டரை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள். உன் பொறுமை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மஞ்சள் முக்கோணம் இல்லை, டிரைவ் மேனேஜரில் நன்றாகவே இருக்கிறது, எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இல்லையா? டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு டி, இ போன்ற டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருக்கும். ஒதுக்கிவிடு, அவ்வளவுதான்.

ஹப்பில் செருகினால் ஓடவில்லை என்று நீ எழுதிய வாத்தியாரின் யூஎஸ்பி டிவிடி டிரைவ் வேறு சமாசாரம். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை, தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பால் பல சமயம் கொடுக்க முடியாது. கணினியின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகச் சொல்.

எனக்கு உண்மையான கவலை டிரைவ் இல்லை, அந்தப் பெட்டி நிறைய கிடக்கும் டிஸ்க்குகள்தான். எழுதும் சிடியில் தகவல் நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெளிச்சமும் சூடும் அதைத் தின்னும். சிடியில் அந்தப் படலம் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது, எனவே அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தேவலை. டிரைவ் உயிர் வந்த அன்றே எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடு, கல்யாண ஆல்பம் முதலில். சிடி ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டால் மறுபடி கேபிளைக் குடையாதே. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். ஒன்று தளர்ந்தும் மற்றது வேலை செய்யும்.

பயாஸில் பெயர் வந்ததா, மஞ்சள் முக்கோணம் இருந்தால் கோட் எண் என்ன, இந்த இரண்டையும் எழுது. இந்த முறை முதல் வரியில்.

உன்,
பழைய தொல்லை