சீட்டில்லாத செடி வெறும் சருகு

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் ஹெர்பேரியம் (செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமிக்கும் தொகுப்பு) தயாரிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் பூச்சி அரிக்காமல் விஷம் தடவுவதற்கு ஒரு பத்தி, செடியின் விவரச் சீட்டு எழுதுவதற்கு ஒரே வரி. தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

1690-களில் சென்னை ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் உலர்த்தி அனுப்பிய செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கின்றன. எங்கே, எப்போது பறித்தது, ஊரில் என்ன பெயர் என்பதையும் அவர் சேர்த்தே அனுப்பினார். அவற்றைப் புரட்டிப் பார்க்க இன்றும் ஆள் வருவது அதனால்தான். சீட்டில் தேதி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் இருக்க வேண்டும். பூவின் நிறம், கசியும் பாலின் நிறம், வாசனை, மரமானால் அதன் உயரம் ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். காய்ந்த பிறகு இவை எதுவும் மிஞ்சாது. பென்சில் உத்தமம். ஜெல் பேனா எழுத்து மழை ஈரத்தில் ஊறிவிடும்.

அழுத்தும்போது ஓர் இலையையாவது திருப்பிப் போட்டு அடிப்புறம் தெரிய வைக்கவும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஹெர்பேரியத்தில் இருந்த பழைய இலைகளின் இலைத்துளைகளை (பெரும்பாலும் அடிப்புறத்தில் இருக்கும், காற்று போய்வரும் நுண்துளைகளை) எண்ணித்தான், காற்றில் கரியமில வாயு கூடிய 200 ஆண்டுகளில் அவற்றின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்ததை தாவரவியலாளர் உட்வர்ட் 1987-இல் காட்டினார். செடியை வைத்து அழுத்திய முதல் தாளை 24 மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும், ஐப்பசி மழையில் இரண்டு வேளையும். தவறினால் இலை கறுத்துப் பூசணம் பிடிக்கும். பிரண்டை, கள்ளி வகைகளைக் கொதிநீரில் முக்கிக் கொன்றுவிட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் தாளுக்குள்ளேயே தளிர் விடும்!

மழைக்காலத்தில் சாராயத்தில் (ஆல்கஹாலில்) நனைத்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. இலை அழுகாது, ஆனால் அதன் மரபுப் பொருளான டிஎன்ஏ கெட்டுவிடும். 1845 முதல் சேகரித்த உருளைக்கிழங்கு இலைகளில் மிஞ்சிய டிஎன்ஏவிலிருந்துதான், அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான நோய்க்கிருமியின் வகையை 2013-இல் கண்டுபிடித்தார்கள். எனவே ஒரு துண்டு இலையையாவது தனியே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் உலர்த்தி வையுங்கள்.

கட்டுரை தடவச் சொன்ன விஷமான மெர்குரிக் குளோரைடு (பாதரச உப்பு) வேண்டவே வேண்டாம். அது தடவிய பழைய அலமாரிகளைத் திறந்தால் இன்றும் பாதரச ஆவி வருகிறது. அந்தத் தாள்களைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மஞ்சளைத் துளைக்கும் அதே சிகரெட் வண்டுதான் இங்கும் எதிரி. தாள்களைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்த கையோடு உறையைப் பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் பொறுத்துப் பிரிக்கவும்.

தாவரவியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்