காசின் விலை கேட்ட மகனுக்கு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் மண்ணில் கிடைத்த பழைய வெள்ளிக் காசைப் பற்றி வாட்ஸ்அப்பில் “எவ்வளவு போகும்மா?” என்று கேட்டிருந்தாய். சித்தப்பா ஒரு விலை சொல்கிறார், அக்கா ஒரு விலை சொல்கிறாள், போனில் யாரோ போட்டிருக்கும் விலையைக் காட்டிப் பக்கத்து வீட்டுப் பையன் ஆயிரக்கணக்கில் சொல்கிறான். இதற்கெல்லாம் போனில் பதில் சொன்னால் சரிப்படாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

காசு கிடைத்தது வீட்டுக்குப் பின்னால், பட்டுப்போன பலாமரத்தின் வேரைத் தோண்டிய குழியில். சித்தப்பா மண்ணோடு அள்ளிப் போட்டபோது ஓட்டுச் சில்லு என்றுதான் நினைத்தோம். முகம் முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் பச்சை. குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்க்க அக்கா உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ஓடிப்போய் வாங்கி வைத்துவிட்டேன். அந்தக் கறுப்பு, வெள்ளியின் மேல் தானாக ஏறுவது. பச்சை, வெள்ளியோடு கலந்த செம்பு ஈர மண்ணில் கக்கியது. புளியோ பாலிஷோ போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், கூடவே மயிரிழை போலக் கீறல்களும் விழும். காசு சேர்க்கிறவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தேய்த்த காசு என்று தெரிந்தால் விலை சரிந்துவிடும். நான் பார்மசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி, அதில் இரவு முழுக்க ஊறப்போட்டு, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தேன். மண் மட்டும் போயிற்று. கறுப்பு இருக்கட்டும்.

இப்போது எழுத்து தெரிகிறது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா, ஏழாம் எட்வர்டு, நமக்கு வலப்பக்கம் பார்த்திருக்கிறார். சுற்றிலும் ‘கிங் அண்ட் எம்பரர்’ என்று இங்கிலீஷில் இருக்கிறது. மறுபக்கம் கோலம் போல ஒரு கட்டம், அதற்குள் சீன எழுத்தும், அரபு எழுத்தில் மலாய் எழுதுகிற ஜாவியும், சுற்றி ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், ஒன் டாலர், 1904’. பினாங்கு, மலாக்கா, நீ இருக்கும் சிங்கப்பூர், வெள்ளைக்காரன் நேரே ஆண்ட இந்த நீரிணைக் குடியேற்றங்களின் பணம் அது. நம் பேராக் அப்போது அந்தக் குடியேற்றத்தில் சேராத மலாய் மாநிலம். ஆனால் இங்கேயும் புழங்கியது இந்தக் காசுதான். அடித்தது பம்பாய் நாணயச்சாலையில், அதற்கு அடையாளம் ‘பி’ என்று ஒரு பொடி எழுத்து. நம் ஆட்கள் கப்பலேறி வந்த காலத்தில் இந்தக் காசும் அதே கடலைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது, தம்பி.

நீ கவனமாகப் பார்க்க வேண்டியது அளவை. இதே ராஜா தலையோடு ஒரு டாலர் காசு இரண்டு அளவில் உண்டு. 1903, 1904 ஆண்டுகளில் அடித்தது பெரியது. குறுக்களவு 37 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1906இல் ஒரு டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பைக் கட்டிவைத்தார்கள். அந்தச் சமயம் வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்தது. காசைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்ற நிலை வந்தது. அதனால் பெரிய காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு 1907இல் 20.2 கிராமில் சின்னதாக அடித்தார்கள். அப்புறம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில், 1919இலிருந்து, இன்னும் சிறுத்து 16.85 கிராம் ஆயிற்று. அதில் வெள்ளி பாதிதான். ஆகவே ‘பழைய ஒரு டாலர் காசு’ என்று ஒருவர் போட்டிருக்கும் விலையை நம் காசுக்கு அப்படியே வைத்துப் பார்க்காதே. அது எந்தக் காசு என்று முதலில் பார்.

இதில் போலி நிறைய வருகிறது. அதனால் பசாருக்குப் போய், எனக்குப் பழக்கமான ஆசாரியின் தராசில் வைத்துப் பார்த்தேன். 26.7 கிராம். தேய்மானத்துக்கு அது சரிதான். காந்தத்தில் ஒட்டவில்லை. ஆனால் பித்தளையும் ஒட்டாது, அதனால் அதோடு விடவில்லை. தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவரச் சொன்னேன். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 2.6 காட்டியது, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 26.7ஐ அதனால் வகுத்துப் பார், பத்தேகால் வரும். தொண்ணூறு பங்கு வெள்ளிக்கு அதுதான் கணக்கு. பித்தளையாக இருந்திருந்தால் 3.1 காட்டியிருக்கும். அந்த ஆசாரி இத்தனை வருஷம் நகை செய்கிறவர், நூலைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் காசைத் திருப்பி விளிம்பைக் காட்டினார். ராஜாவின் கிரீடத்துக்கு நேர் மேலே, உளுந்தம்பருப்பு அகலத்துக்கு ஒரு மேடு. விளிம்பின் வரிகள் அந்த இடத்தில் மட்டும் மூடிக் கிடக்கின்றன. பொடி வைத்து ஊதிய தடம் அது, ஒரு வளையம் பற்றவைத்திருந்திருக்கிறார்கள். யாரோ இதைக் கழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள், கதிர். மற்ற காசெல்லாம் திரும்பப் போய் உருகியபோது இது தப்பியதே அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதனால் விலை அடிபடும். வளையம் வைத்த காசைச் சேகரிப்பவர்கள் பழுதுபட்டதாகத்தான் எடுப்பார்கள். அமெரிக்காவிலிருக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம் பார்க்கும் கம்பெனிகளுக்கு அனுப்பினாலும் தர எண் போட்டுத் தரமாட்டார்கள், பழுது என்று எழுதித்தான் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். அதற்கான செலவை நினைத்தால் அனுப்பவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் காட்டியது விற்கிறவன் கேட்கும் விலை. ஏலத்தில் முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் இதே ஆண்டு, இதே தேய்மானம், இதே பழுது உள்ள காசுக்கு. கீழ்மட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், உள்ளே 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது, அன்றைய கிராம் விலையால் பெருக்கிக்கொள். அதற்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். சித்தப்பா சொல்வது போல வீட்டுக்குக் கூரை மாற்றுகிற அளவுக்கு வராது.

எனக்கு அது போதும், தம்பி. 1920களின் பிற்பகுதியில் ரப்பர் தோட்டத்தில் ஆண்பிள்ளைக்கு நாள் கூலி 50 சென்ட், பெண்பிள்ளைக்கு 40 சென்ட். அந்தக் கூலியில் இப்படி ஒரு டாலர் காசை எடுத்துவைத்து வளையம் போட்டுக்கொண்டவள் எத்தனை நாள் பால்மரம் சீவியிருப்பாள் என்று நினைத்துப் பார். அப்புறம் ஜப்பான்காரன் காலம் வந்தது. அவன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு கடைசியில் குப்பைக் காகிதமானது, கையில் வெள்ளி வைத்திருந்தவர்கள் அதை மண்ணில் புதைத்தார்கள். இது அப்போது புதைத்ததா, கழுத்திலிருந்து நழுவி விழுந்ததா, மண் சொல்லவா போகிறது? உன் தாத்தா இந்த நிலத்தை வாங்குவதற்கு முன்னால் அங்கே தோட்டத்து லயம், அதாவது தோட்டத்து வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடுகள், இருந்தது. நம் வீட்டுப் பாட்டியுடையது என்று சொல்லிக்கொள்ள அக்காவுக்கு ஆசை. நான் அப்படிச் சொல்லமாட்டேன். லயத்தில் இருந்த ஒருத்தியுடையது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இப்படி மண்ணிலிருந்து கிடைக்கும் பழைய பொருளை மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நிலம், ஒற்றைக் காசு என்று சித்தப்பா மழுப்புகிறார். நான் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். எங்கே, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் என்ன இருந்தது என்று குறித்து, படமும் வைத்திருக்கிறேன். அவர்கள் பதில் வரும்வரை காசு என்னிடம் பத்திரமாக இருக்கும். அதுவரை நீயும் அந்த விற்கிற குரூப்பில் படத்தைப் போடாதே. போட்டிருந்தால் எடுத்துவிடு.

திரும்ப நம் கைக்கு வந்தால் விற்க வேண்டாம் என்பது என் விருப்பம். தைப்பிங் மியூசியத்தில் கேட்டால் கொடுக்கவும் சம்மதம், லயத்துப் பெண்ணின் காசு என்று எழுதி வைப்பார்களானால். தீபாவளிக்கு வரும்போது நீயும் அக்காவும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். உனக்கு வேறு எண்ணம் இருந்தால் இப்போதே எழுது, கோபப்படமாட்டேன்.

அங்கே காசு வைக்கிற பிளாஸ்டிக் கூடு கிடைக்கும், 38 மில்லிமீட்டர் அளவில் ஒன்று வாங்கி வா. பிவிசி கலக்காதது என்று கேட்டு வாங்கு. அது கலந்திருந்தால் காசில் பச்சைப் பிசுக்கு ஏறிவிடும்.

அன்புடன்,
அம்மா