செந்திலுக்கு, கடன் நோட்டைப் பற்றி

அன்புள்ள செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி, அது பழைய கதை.

போன தடவை பேசும்போது மகளிர் உரிமைத் தொகையெல்லாம் வீண், அதனால் வியாபாரம் வளராது என்றாய். அமெரிக்காவில் 2020-ல் கொரோனா உதவியாக ஆளுக்கு 1,200 டாலர் கொடுத்ததில் 29 சதவீதம்தான் செலவானதாம், 35 சதவீதம் கடனுக்குப் போனதாம், மிச்சம் சேமிப்பாம். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ், நம்ம ரிசர்வ் பேங்க் மாதிரி, அவர்கள் போட்ட கணக்கு என்றாய். படித்தவன், சரியாகத்தான் சொல்வாய். ஆனால் கல்லாவில் உட்காருகிறவன் நான்.

2023 செப்டம்பரில் அந்த உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததும் முதலில் வசூலானது கடன் நோட்டுப் பாக்கிதான். அதுவரை உன் பேச்சு சரி. அப்புறம் நடந்ததைக் கேள். பாக்கி வைத்தவர்கள் நம் கடையைப் பார்க்காமல் மேலத்தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள், உனக்குத் தெரியாததா? பாக்கி தீர்ந்ததும் கூச்சமில்லாமல் வந்து பருப்பும் எண்ணெயும் வாங்குகிறார்கள். எனக்கு வந்த பாக்கியை மண்டியில் கட்டிவிட்டுக் கூடுதலாகச் சரக்கு எடுத்தேன். கடனுக்குப் போன காசு அங்கேயே நின்றுவிடுவதில்லையப்பா.

2021 பொங்கலுக்குக் கொடுத்த 2,500 உடனே செலவாகிவிட்டது. அதே வருஷம் கொரோனாவுக்கு இரண்டு தவணையாக வந்த 4,000-ஐ நிறையப் பேர் தொடவே பயந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்வது? இப்போது அந்த ஆயிரம் மாதாமாதம் 15-ஆம் தேதி வரும் என்ற தைரியத்தில் தவணைக்கு மிக்ஸி எடுக்கிறார்கள். தொகையைவிட அந்தத் தைரியம்தான் கடைக்காரனுக்கு முக்கியம். உங்கள் கணக்கில் அதற்கு ஒரு கட்டம் உண்டா?

அந்த 1,200 வந்தபோது நீ கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டினாய். கடைத்தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது கார்டு எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். முதலில் கடனை அடை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யக்கூட நேரமில்லாத அளவுக்கு என்ன வேலையோ. உங்கள் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. வட்டி ஏறும், முதலில் கார்டுக் கடனை அடை.

அம்மாவுக்கு அனுப்பும் பணம் இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம். கடை ஓடுகிறது. இங்கிருந்து அங்கே பணம் அனுப்ப என்னென்ன பாரம் நிரப்ப வேண்டும் என்று பேங்க்கில் கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா