வீடு பரிசோதிப்போர் சங்கத்தின் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விலைக்கு வரும் வீடுகளையும் புதிதாகக் கட்டி முடித்த வீடுகளையும் பரிசோதித்து அறிக்கை எழுதும் நாங்கள் எல்லோரும் ஒரு சங்கமாகச் சேர வேண்டும் என்று நீங்கள் எடுத்த முயற்சியை மனதார வரவேற்கிறேன். நீங்கள் அனுப்பிய யாப்பு வரைவை முழுவதும் வாசித்தேன். அதில் உறுப்புரிமை பற்றிய பகுதியை இப்போது இருப்பதுபோல நிறைவேற்றக் கூடாது என்று கேட்கத்தான் இந்த மடல். குழுவுக்கு மட்டும் தனியாக எழுதாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். இந்த விதிகளால் பாதிக்கப்படப் போகிறவர்களில் பலர் வரைவை இன்னும் கண்ணால் காணவில்லை.

வரைவு சொல்வது இதுதான். சங்க உறுப்பினர் மட்டுமே பரிசோதனை அறிக்கை கொடுக்கலாம். ஆரம்ப உறுப்பினர்களுக்குப் பரீட்சை இல்லாமலே அனுமதி அட்டை கிடைக்கும். பிறகு சேர வருகிறவர் நிர்வாக சபையில் இருவருடைய சிபாரிசோடு வரவேண்டும். சங்க அட்டை இல்லாதவரின் அறிக்கையை ஏற்க வேண்டாம் என்று பிரதேச சபைகளுக்கும் வங்கிகளுக்கும் மகஜர் கொடுக்கப்படும். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், யார் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஏற்கெனவே தொழிலில் இருக்கும் சிலருடைய கைக்குப் போகிறது. அவர்களுடைய திறமையை யாரும் சோதிக்கவில்லை. புதிதாக வருகிறவரின் திறமையையும் யாரும் சோதிக்கப் போவதில்லை. வருகிறவருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் பார்க்கப்படும்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் கரையோரத்தில் ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்ப்பது லேசான வேலை இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் நிலம், பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் உவர். அந்தத் தண்ணீரில் கொங்கிறீற்று குழைத்திருந்தாலோ, கடல் மணலைக் கழுவாமல் போட்டிருந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துச் சிலாப்பின் அடிப்பக்கத்தைப் பிளக்கும். விற்கிறவர் அந்த வெடிப்புக்கு மேலே பூசி, பெயின்ட் அடித்து, கரைச்சல் இல்லாத வீடாகக் காட்டிவிடுவார். சுத்தியல் பிடியால் பொறுமையாகத் தட்டிக்கொண்டு போனால்தான் வெற்றுச் சத்தம் கேட்கும் இடம் பிடிபடும். மின்சாரப் பலகையில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் பூட்டியிருக்கும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சிலவேளை விழாது. கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் கம்பியைக் காய்ந்த மணலில் அடித்திருந்தால் அது பெயருக்கு மட்டுமே எர்த். மீற்றர் வைத்து அளந்து பார்க்காமல் அதைப் பற்றி ஒரு சொல் எழுதக் கூடாது.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் அந்தத் தூரத்துக்குக் காணியே காணாது. அங்கே வேலிக்கு அப்பால் அயல்வீட்டின் குழி எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கூரையையும் ஏறிப் பார்க்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளை என்ன செய்தது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். கூரை மரங்கள் சுவரோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் அறிக்கை எழுதுகிறவரை நான் பரிசோதகர் என்று ஏற்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு அவசரம் அவசரமாகக் கட்டப்பட்ட வீடுகள் இப்போது கை மாறுகின்றன. பலவற்றுக்கு வரைபடமே கையில் இல்லை. இந்திய உதவியில் வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகள் கட்டிய திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த காசு வந்தது. அந்த வீடுகள் ஒற்றைத் தட்டுக்காக அத்திவாரம் போட்டவை. பிள்ளைகளுக்குக் கலியாணம் ஆனதும் மேலே இன்னொரு தட்டு எழும்புகிறது. அந்த அத்திவாரம் மேல் தட்டைத் தாங்குமா என்று யார் சொல்வது? கட்டாரில் உழைத்த காசையோ டொரொன்டோவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசையோ ஒருவர் அந்த வீட்டில் போடப் போகிறார். அவர் கையில் இருப்பது எங்கள் அறிக்கை மட்டும்தான்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. தரகரோடு வந்து கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றுவிட்டு, வீடு நல்லம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் எல்லோருக்கும் கெட்ட பெயர். அவர்களை நிறுத்த ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் இந்த வரைவின்படி அப்படிப்பட்டவர் ஆரம்பத்திலேயே சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டால் அவருக்கும் அட்டை கிடைக்கும். நாளைக்கு அந்த அட்டையைக் காட்டித்தான் அவர் வீடு பார்க்கப் போவார்.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். வீடு பரிசோதனைக்கென்று இலங்கையில் தனியான அனுமதிச் சட்டம் இல்லை. கட்டிடத் துறையில் பதிவுக்கான அதிகாரம் 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சீடா என்று நாங்கள் சொல்லும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கிறது. பொறியியலாளர்களைப் பாருங்கள். அவர்களுடைய நிறுவனம் 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. நாட்டிலே பலமான தொழில் அமைப்புகளில் ஒன்று. அப்படி இருந்தும் தொழில் செய்வதற்கான பதிவுக்கு 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் பொறியியல் பேரவை என்று வேறொரு அமைப்பு உருவாக்கப்பட்டது. நேற்றுத் தொடங்கிய எங்கள் சங்கம் அச்சடித்துக் கொடுக்கும் அட்டையை அனுமதி என்று அழைத்தால், அதை வாங்குகிற இளைஞனையும் அதை நம்புகிற சனத்தையும் ஒன்றாக ஏமாற்றுகிறோம். உறுப்பினர் அட்டை என்று போடுங்கள். அது உண்மை.

இந்தத் தொழில் வேரூன்றிய நாடுகளும் இதே சண்டையைப் பிடித்திருக்கின்றன. அமெரிக்காவில் வீட்டுப் பரிசோதகர் சங்கம் 1976 இலேயே தொடங்கியது. டெக்சஸ் மாநிலம் 1985 இல் அனுமதிமுறையைக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் இன்றைக்கும் அப்படி ஒரு அனுமதிமுறை இல்லை. கனடாவில் முதன்முதலாக 2009 இல் அனுமதியைக் கட்டாயமாக்கியது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே தொடக்கத்தில் அனுமதி வேண்டுமென்றால் குறிப்பிட்ட சில சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு விதமாகப் பயிற்சியும் பரீட்சையும் வைத்தது. கடைசியில் 2016 இல் அந்த உறுப்புரிமை நிபந்தனையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே தகைமையை வைத்து, நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பே நேரடியாக அனுமதி கொடுக்கும்படி மாற்றினார்கள். அவர்கள் ஏழு வருடம் நடந்து பார்த்துத் திரும்பிய பாதையில்தான் உங்கள் வரைவு எங்களை இறக்குகிறது. நம் உறவுகள் நெருக்கமாக வாழும் ஒன்ராறியோவிலும் 2017 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் ஒரு சங்கம் சட்டத்தின் நாற்காலியில் போய் உட்காரக் கூடாது.

சிபாரிசு விதியால் யார் வெளியே நிற்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? வாகரையில் இருந்தும் திருக்கோவிலில் இருந்தும் வரும் பிள்ளைக்கு நகரத்தில் இருக்கும் நிர்வாக சபை உறுப்பினர் இருவரை எப்படித் தெரியும்? தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டுப் படவரைஞராக இருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிக்கை எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரிகளை நான் கண்டிருக்கிறேன். ஆண்கள் மட்டும் கூடியிருக்கும் ஒரு சபையிடம் போய்ச் சிபாரிசு கேட்க வேண்டும் என்றால் அவர்களில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். முப்பது வருடம் கரண்டி பிடித்த மேசன் ஒருவருக்குக் கடதாசித் தகைமை இருக்காது. ஆனால் சுவரைப் பார்த்தவுடன் எந்தக் கல், எந்தக் கலவை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் முன் அனுபவத்தைச் சோதித்து என்.வீ.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி நாட்டில் இருக்கிறது. எங்கள் யாப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

தமிழர், முஸ்லிம்கள் என்ற விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போதைய ஏற்பாட்டுக் குழுவில் யார் எந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு அக்கரைப்பற்று நானா ஒருவருக்கோ களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவருக்கோ சிபாரிசு கிடைக்காமல் போனால், காரணம் எதுவாக இருந்தாலும் அது ஊர்ப் பிரச்சினையாக, இனப் பிரச்சினையாகத்தான் பேசப்படும். பரீட்சையில் தவறியவர் அடுத்த முறை எழுதலாம். சிபாரிசு கிடைக்காதவர் எங்கே போவார்?

என்னை அதிகம் உறுத்தியது வரைவில் இல்லாத ஒரு விதி. குழுவில் பலர் கொந்தராத்துக்காரர்கள். நான் மதிக்கும் அண்ணன்மார் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டைப் பார்த்துக் குறை சொன்னவரே அந்தக் குறையைத் திருத்தும் கொந்தராத்தையும் எடுக்கலாம் என்றால், குறைகள் தேவைக்கேற்பக் கூடும். தான் கட்டிய வீட்டைத் தானே பரிசோதித்தால் குறைகள் காணாமல் போகும். அனுமதிமுறையே இல்லாத கலிபோர்னியாவில்கூட இதற்குச் சட்டம் இருக்கிறது: அறிக்கை எழுதிய பரிசோதகர் 12 மாதத்துக்குள் அதே வீட்டில் காசுக்குத் திருத்த வேலை செய்வது நியாயமற்ற வியாபார நடத்தை. எங்கள் யாப்பில் முதலாவது விதியாக இது வரவேண்டும். தரகரிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது என்பது இரண்டாவதாக வரட்டும். இந்த இரண்டையும் மீறுகிறவரை, அவர் தலைவராக இருந்தாலும், நீக்கும் அதிகாரம் பொதுச்சபைக்கு வேண்டும்.

பரீட்சை வைப்பதற்கு ஆட்களும் இடமும் இல்லை என்று சொல்ல முடியாது. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வினாத்தாள் தயாரிக்கவும் திருத்தவும் அவர்களிடம் கேட்போம்; சங்கத்தில் இருக்கும் எவரும் அதில் கை வைக்க வேண்டாம். எழுத்துப் பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். அப்புறம் ஒரு உண்மையான வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பார்த்து எழுது என்று விடட்டும். ஆரம்ப உறுப்பினர்களும் அதே பரீட்சையை எழுத வேண்டும், நான் உட்பட. தேறியவர்களின் பெயர்களை வெளியே போடுவோம். அந்தப் பட்டியலோடு சீடாவிடம் போய், இந்தத் தொழிலுக்கு ஒரு பதிவுமுறையைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டால் அவர்கள் காது கொடுப்பார்கள். வங்கிகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் மகஜர் எழுதுவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

சங்கத்துக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. எர்த் அளக்கும் மீற்றர் எல்லோராலும் வாங்க முடியாது. சங்கம் வாங்கி வாடகைக்குக் கொடுக்கலாம். எல்லோரும் பாவிக்கும்படி தமிழில் ஒரு அறிக்கைப் படிவம் செய்யலாம். உண்மையை எழுதியதற்காக வீட்டுக்காரரோ தரகரோ மிரட்டினால் பக்கத்தில் நிற்கலாம். அந்தச் சங்கத்தில் சேர நான் தயார். சந்தாவையும் இன்றைக்கே கட்டுவேன்.

ஆகவே உறுப்புரிமைப் பகுதியை வாக்கெடுப்புக்கு விடாமல் ஒத்திவையுங்கள். வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து இரண்டு மாவட்டங்களிலும் இந்த வேலை செய்யும் எல்லோருக்கும் கொடுங்கள். வாசித்துக் கருத்துச் சொல்ல ஒரு மாதமாவது தாருங்கள். அடுத்த கூட்டத்தைக் கல்முனையில் வையுங்கள், வாகரைக்காரரும் பொத்துவில்காரரும் வந்து சேரக்கூடிய நேரத்தில். வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம்.

இப்படிக்கு,
வீடு பரிசோதிக்கும் தொழில் செய்யும் ஒருவன்
கல்லடி, மட்டக்களப்பு