கை ஓங்கியிருப்பது எந்த விற்பனையாளருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய வீட்டுச் சந்தை இன்னமும் விற்பவர் பக்கமே சாய்ந்திருக்கிறதா என்று ஆராய்ந்த தங்கள் இதழின் கட்டுரை, ரிசர்வ் வங்கி 2025 ஆம் ஆண்டில் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியை, 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்ததைக் காட்டி, இனி வாங்குபவரின் காலம் என்று முடித்திருந்தது. வட்டி குறைந்ததை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அடுக்ககம் கட்டி விற்கும் நிறுவனத்தையும், பல்லாண்டுகள் குடியிருந்த வீட்டை விற்க முனையும் குடும்பத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்ததால் அக்கட்டுரையின் முடிவு பிசகிவிட்டது.

வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பழைய வீட்டை விற்பவருக்குப் பெரிய பலம் எதுவும் இல்லை என்று சொல்வேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என ஒவ்வொன்றையும் வாங்குபவரின் வழக்கறிஞர் துருவிப் பார்க்கிறார். கட்டடத்தின் வயது கூடினால் வங்கி கடன் தரத் தயங்குகிறது. பேரம் பேசி விலையைக் குறைக்கவும் இடம் இருக்கிறது. பழைய வீட்டைப் பொறுத்தவரை கட்டுரையாளர் சொன்னது சரிதான்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை முன்பதிவு செய்பவரின் கதை வேறு. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் பணத்தை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றும் வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கட்டும் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கான உள்பரப்பை வைத்தே விற்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நோக்கம்தான். விளம்பரங்களிலோ படிக்கட்டையும் மின்தூக்கியையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் பரப்பே இன்றும் பெரிய எழுத்தில் நிற்கிறது. வாங்குபவர் அச்சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தில் வழக்காடி வென்றாலும், அந்தத் தொகையை நில வருவாய் நிலுவைபோல் வருவாய்த் துறை வசூலித்துத் தர வேண்டியிருப்பதால், உத்தரவு கையில் இருந்தும் பணம் வராமல் ஒரு பக்கம் வாடகையும் மறுபக்கம் மாதத் தவணையும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. திவால் சட்டத்தில் 2018 இல் வீடு வாங்குபவர்களுக்கு நிறுவனத்துக்கு நிதிக் கடன் கொடுத்தவர் என்ற தகுதி கிடைத்தது. 2020 இல் வந்த திருத்தமோ, ஒரு திட்டத்தில் குறைந்தது 100 பேர் அல்லது 10 சதவீதத்தினர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால்தான் நிறுவனத்தின் மீது திவால் மனுச் செய்யலாம் என்றாக்கிவிட்டது. முன்பின் அறியாத சக வாங்குபவர்களைத் தேடிப் பிடிப்பது ஒரு தனிமனிதரின் பொறுப்பாகிவிட்டது.

குறைந்த விலை வீடுகளுக்கு 1 சதவீத ஜி.எஸ்.டி. என்ற சலுகையும் பெருநகரங்களில் பெரிதாக உதவவில்லை. 2019 இல் அதற்கென வகுத்த 45 லட்ச ரூபாய் வரம்புக்குள் சென்னையிலோ மும்பையிலோ ஊருக்குள் புதிய வீடு கிடைப்பது அரிது. லாபம் மிகுந்த விலையுயர்ந்த வீடுகளையே நிறுவனங்கள் நாடும்போது, வட்டிக் குறைப்பால் மிச்சமாகும் தொகையும் விலை உயர்விலேயே கரைந்துவிடுகிறது.

ஆகவே, அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது இரு சந்தைகளையும் பிரித்து ஆராயுமாறும், ரெரா ஆணையங்கள் பிறப்பித்த வசூல் உத்தரவுகளில் எத்தனை உண்மையில் நிறைவேறின என்ற கணக்கை மாவட்ட வாரியாகக் கேட்டுப் பெற்று வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாம்பரம்.