ஆள் இல்லாத நேரத்துச் செய்தி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஓ-லெவல் எடுக்கப் போகிறாளா! நம்பவே முடியவில்லை. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலைகாட்ட ஏலாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மென்பொருளின் சர்வீஸ்களுக்கு இடையில் செய்தி அனுப்ப, ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் பப்-சப், அதாவது ஒருவர் அனுப்புவதை அப்போது கேட்கிற எல்லாருக்கும் சேர்க்கும் வசதி, போதுமா என்கிறாய். திரையில் ஓடுகிற எண்களுக்குப் போதும். ஓடர், காசு சம்பந்தப்பட்டதை மட்டும் அதில் விடாதே மச்சான். அனுப்புகிற நேரத்தில் கேட்க ஆள் இல்லையென்றால் அந்தச் செய்தி போனதுதான். ரெடிஸ் எங்கும் எடுத்து வைக்காது.

நான் இங்கே மீன் வைக்கும் குளிர் அறைகளின் வெப்பநிலையைப் பார்க்க எம்கியூடிடி போட்டிருக்கிறேன். சென்சர்கள் சிறு செய்தி அனுப்பும் முறை அது, நடுவில் புரோக்கர் என்ற சேவர் வாங்கிக் கேட்கிறவருக்குக் கொடுக்கும். கிண்ணியாவில் ஒன்று, நிலாவெளியில் ஒன்று. சிக்னல் நினைத்தபடி வந்து போகும். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உண்டாக்கியது அது, லைன் அறுவது அதற்குப் புதிதில்லை.

ஆனால் கியூஓஎஸ் 1 (ஒரு தரமாவது சேரும் என்ற உறுதி, 0 என்றால் அந்த உறுதி இல்லை) போட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதே. அனுப்புகிறவர் 1 போட்டாலும், கேட்கிறவர் 0 என்று சப்ஸ்கிரைப் பண்ணியிருந்தால் 0தான் கிடைக்கும். கேட்கும் பக்கத்தில் கிளையண்ட் ஐடி, அதாவது புரோக்கரிடம் சொல்லும் பெயர், மாறக்கூடாது, கிளீன் செஷனும் (பழையதை மறந்து புதிதாய்த் தொடங்கு என்பது) ஃபோல்ஸாக இருக்கவேண்டும். அப்போதுதான் அது இல்லாத நேரத்துச் செய்திகளைப் புரோக்கர் சேர்த்து வைக்கும். புரோக்கராக மொஸ்கிட்டோ போட்டால், டிஸ்க்கில் எழுதி வைக்கும் பெர்சிஸ்டன்ஸையும் ட்ரூ ஆக்கு. இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் சேர்த்ததெல்லாம் போய்விடும். அப்புறம், 1 என்றால் ஒரே செய்தி இரண்டு தரமும் வரலாம். செய்திக்குச் செய்தி ஒரு இலக்கம் போட்டுவிடு, வந்ததையே திரும்பப் பதியாமல் தடுக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது லாஸ்ட் வில். சென்சர் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால், புரோக்கரே அதன் சார்பில் ‘கிண்ணியா ஓஃப்’ என்று அறிவிக்கும். அதை ரீட்டெயின் பண்ணினால், அதாவது கடைசிச் செய்தியாகப் புரோக்கரிடம் வைத்திருந்தால், பிந்தி வந்து சேருகிற போனுக்கும் உடனே தெரியும். சென்சர் எவ்வளவு நேரத்துக்குள் குரல் காட்டவேண்டும் என்கிற கீப் அலைவைக் கவனி: 60 செக்கன் என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 90 செக்கன் பார்த்த பிறகுதான் புரோக்கர் கைவிடும். நான் 20 வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் அறைக்காரரின் போன் அடிக்கிறது, மனிதர் ஜெனரேட்டரைப் போட ஓடுகிறார். வெப்பநிலை வரைபடம் எல்லாம் கீறிக் கொடுத்தேன், அதை அவர் திறந்தும் பார்ப்பதில்லை!

பழைய செய்திகளை முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கும் தேவை இருந்தால் செய்திகளை வரிசையாகச் சேமித்து வைக்கும் காஃப்காவை யோசி. உன் அளவு வேலைக்கு அது வீண் பாரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

உன் கொன்பிக் ஃபைலை (செட்டிங்ஸ் எழுதியிருப்பது) அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்டை அழித்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
குமரன்