பிளஸ் டூ பிள்ளைகளின் அறிமுக ஏடு: கல்விக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சனிக்கிழமைதோறும் நூலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிய ஆசிரியப் பெருமக்களுக்கும், பெற்றோருக்கும், ஏட்டில் இடம்பெற்ற மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் நூல் சேர்ப்பும் கவிமணி பிறந்தநாள் விழாவும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையும் ஆள்பலத்தையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிமுக ஏடுதான். அதை எப்படிச் செய்தோம், அடுத்த ஆண்டு செய்யப்போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அதில் மூன்று பகுதிகள்: இயல்பு, பொழுதுபோக்கு, எதிர்கால விருப்பம். படிவத்தை மட்டும் கொடுத்து நிரப்பி வாங்கினால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே வரும். இயல்பு என்ற இடத்தில் “அமைதி”, பொழுதுபோக்கில் “பாட்டு கேட்பது”, விருப்பத்தில் “டாக்டர்” அல்லது “கலெக்டர்”. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று நினைப்பதை எழுதுகிறார்கள். ஆகவே படிவத்தை முதலில் கொடுப்பதில்லை. இருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசி, பேச்சு முடிந்த பிறகே கொடுக்கிறோம். பேசுகிறவர்களில் ஒருவர் அந்தப் பள்ளிக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் மட்டும் இருந்தால் பேச்சு மதிப்பெண்ணுக்குப் போய்விடும். பெற்றோர் முதல் பத்து நிமிடம் வெளியே இருப்பது நல்லது, கடைசிப் பத்து நிமிடம் உள்ளே வந்தாக வேண்டும்.

கேள்விகளின் வரிசைதான் முக்கியம். “என்ன ஆகப் போகிறாய்?” என்பதைக் கடைசியில் கேட்க வேண்டும். முதலில் கேட்டால் அந்தப் பதிலைக் காப்பாற்றவே மீதி நேரம் முழுக்கப் பிள்ளை பேசும். முதல் கேள்வி நேற்றைய நாளைப் பற்றியதாக இருக்கட்டும்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், பள்ளிக்கு முன் என்ன செய்தாய், சாயங்காலம் யாரோடு இருந்தாய். “ஒண்ணும் இல்ல சார், சும்மா இருப்பேன்” என்று தொடங்கும் பிள்ளை, ஐந்தாவது நிமிடத்தில் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போவதையோ மீன்பிடி வள்ளத்து எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதையோ சொல்லிவிடும். அதைப் பொழுதுபோக்கு என்று அவர்கள் எண்ணுவதில்லை, வீட்டு வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். ஏட்டுக்கு வேண்டியது அதுதான்.

கிடைத்ததும் ஒரு படி ஆழமாகக் கேட்க வேண்டும். பால் வெட்டுகிறவர் என்றால், பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டுகிறாய், ஏன் விடியுமுன் வெட்ட வேண்டும் என்று கேளுங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதும், கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே பட்டால் காயம் ஆறி முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அடுத்த சுற்று வெட்டுக்கு உதவாது என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். குலசேகரம், அருமனைப் பக்கம் தேன்பெட்டி பார்க்கிற பிள்ளைகளுக்கு, ரப்பர் தளிர்க்கும் நாட்களில் தேன் வருவது பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து என்பது தெரியும். ராணி ஈ இல்லாத பெட்டியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இப்படி ஒரு வரி பக்கத்தில் இருந்தால் படிக்கிறவருக்கு அந்தப் பிள்ளை கண்முன் வரும். “விவசாயத்தில் ஆர்வம்” என்று எழுதினால் வராது.

கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பந்தாட்டம் பேசுவது எளிது. அதோடு நிறுத்தாமல், ஜிபிஎஸ்ஸில் இடம் குறிப்பது, எக்கோ சவுண்டர் (கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவி) பார்ப்பது தெரியுமா என்றும் கேட்க வேண்டும். தோவாளைப் பிள்ளைகளில் மாணிக்க மாலை கட்டத் தெரிந்தவர்கள் உண்டு. பூவை மடித்து வரிசை பிசகாமல் கட்டும் கைக்கு அளவுணர்ச்சி கூடுதல். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு பறவை பார்க்கப் போகும் பிள்ளைகள் அந்தப் பக்கம் உண்டு. அவர்களிடம் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை நான்கும் இருந்தால் அது வெறும் வேடிக்கை இல்லை.

பொழுதுபோக்கை உடனே வேலையாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பாடுகிற பிள்ளை கணக்குத் தணிக்கையாளராகப் போவதில் குற்றம் ஒன்றும் இல்லை. பொழுதுபோக்கிலிருந்து ஒரு படிப்புக்கு வழி இருக்கிறது என்று தெரியாமலேயே விட்டுவிடுவதுதான் இழப்பு. மயிலாடியில் கல் கொத்தும் வீட்டுப் பிள்ளைக்கு மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கலைக் கல்லூரி இருப்பதைச் சொல்ல வேண்டும். ரப்பர் தெரிந்தவருக்குக் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் படிப்பும், கடல் தெரிந்தவருக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனமும், காடும் பறவையும் பிடித்தவருக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் உண்டு.

இயல்பு எழுதுவதுதான் மிகக் கடினம். அடைமொழி எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள் என்பது குழுவின் விதி. இதற்குப் பிள்ளையைவிட உடன் படிப்பவர்களைக் கேட்பது பயன் தரும். “பரீட்சைக்கு முந்தின நாள் சந்தேகம் என்றால் யாரிடம் போவாய்?”, “சுற்றுலாப் பணத்தை யாரிடம் கொடுத்தால் சண்டை வராது?”, “புதிதாக வந்த பிள்ளையோடு முதலில் பேசியது யார்?” ஆகிய மூன்று கேள்விகள் போதும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், அதுவும் பெரும்பாலும் ரேங்க் பட்டியலில் மேலே இல்லாத பெயர். அந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் இந்த வேலையின் அருமை நன்றாகத் தெரிகிறது.

எழுதக் கூடாதவையும் உண்டு: மதிப்பெண், சாதி, வீட்டுக் கடன், தொலைபேசி எண், முகவரி. பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினெட்டு வயது நிறையாதவர்கள். ஆகவே படத்துக்கும் பக்கத்துக்கும் பெற்றோர் கையெழுத்தும் பிள்ளையின் கையெழுத்தும் தனித்தனியே வேண்டும். படம் வேண்டாம் என்கிற பெண்பிள்ளைகளின் பக்கத்தில் அவர்கள் வரைந்த படத்தையோ கையெழுத்தையோ வைத்தால் பக்கம் குறைபட்டுத் தெரியாது.

இனி விருப்பம். ஒவ்வொரு விருப்பத்துக்கும் கீழே மூன்று வரிகள் எழுதச் சொல்கிறோம்: நுழைவுத் தகுதி என்ன, இந்தக் கல்வியாண்டிலேயே செய்ய வேண்டியது என்ன, இது கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன. மூன்றாவது வரியைப் பெற்றோர் அபசகுனமாக நினைப்பது உண்டு. அந்த வரி காலியாக இருக்கும் பிள்ளைதான் ஜூன் மாதத்தில் யாரோ ஒரு ஏஜெண்ட் சொன்ன கல்லூரியில் பணத்தைக் கட்டி நிற்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் கப்பல் வேலை என்ற விருப்பம் அதிகம். கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் சேர்ந்துவிட்டு மெர்ச்சன்ட் நேவி என்று எழுதுகிறார்கள். அதில் அதிகாரியாகச் சேர இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சராசரி 60 சதவீதமும், பத்திலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும் வேண்டும். நிறக்குருடு இருந்தால் மேல்தளப் பணிக்கு வழியே இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் கண் பரிசோதனை செய்ய வேண்டும். பயிற்சி நிறுவனம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரசீது வாங்க வேண்டும்.

நர்சிங் எழுதும் பெண்பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. நல்ல விருப்பம், நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த தொழில். ஆனால் “ஆறு மாத நர்சிங்”, “ஒரு வருட நர்சிங்” என்று விளம்பரம் செய்யும் படிப்புகளை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு எண் இல்லாமல் வெளிநாட்டில் நர்ஸ் வேலை இல்லை. நர்ஸாகப் பதிவு செய்ய பி.எஸ்சி. நர்சிங்கோ மூன்றாண்டு டிப்ளமோவோ வேண்டும்.

ராணுவ அதிகாரி என்று எழுதுகிறவர்களுக்கு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு ஆண்டுக்கு இருமுறை வருவதையும், அது தமிழில் இல்லை என்பதையும் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண். ஆங்கிலம் அந்த 600-க்குள் வருகிறது. நீட் தேர்வையும் ஜேஇஇ மெயின் தேர்வையும் தமிழில் எழுதலாம், ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டை எழுத முடியாது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இஸ்ரோ என்று எழுதும் பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள், காரணம் வெளிப்படை. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவன் அவர்கள் நம் மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்பேற்ற வி. நாராயணன் அவர்களும் நம் மாவட்டத்தவர். அவர் டிப்ளமோ படித்து, ஏ.எம்.ஐ.இ. (பொறியியல் பட்டத்துக்கு இணையான தேர்வு) முடித்து, பிறகு கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் (மிகு குளிர்நிலை) பொறியியல் பயின்றவர். பாலிடெக்னிக் என்றால் தாழ்வு என்று நினைக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நாகர்கோவிலை அடுத்த கோணம் என்ற ஊரில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

சான்றிதழ்கள் பற்றிப் பெற்றோர் கவனிக்க: விருப்பம் எதுவானாலும் கடைசி நேரத்தில் தடுப்பது பெரும்பாலும் பெயர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் வேறு எழுத்தில் என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அரையாண்டுத் தேர்வுக்குள் திருத்திவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் தேர்வு முடிவு வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்பதைவிட ஏப்ரலில் நிற்பது மேல். மூத்த பிள்ளை ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் இளையவருக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது.

தொழிற்கல்விச் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது, உதவி பெறும் பள்ளியைச் சேர்க்காது. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெற, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வழி உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு எல்லையில் இருந்து கேரளத்துப் பள்ளிக்குப் போய்ப் படித்த பிள்ளைகள், பொறியியல் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் சான்றிதழ்களை லேமினேட் செய்யாமல் கோப்பில் வைக்கவும். தனியார் போட்டியில் பங்கேற்றதற்கான சான்றிதழ் எத்தனை இருந்தாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் எண்ணப்படுவதில்லை. சிலம்பமும் அடிமுறையும் பழகும் பிள்ளைகளுக்கு இதை ஆசான்களே எடுத்துச் சொன்னால் நல்லது.

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள்: பேச்சு ஜூலையில் தொடங்கி அக்டோபருக்குள் முடிய வேண்டும். செய்முறைத் தேர்வு நெருங்கினால் பிள்ளைகளுக்கு மனம் இராது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு அமர்வுக்காவது அழைக்க வேண்டும். முடிவு வந்ததும் தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீட்டுக்கு உறுப்பினர் ஒருவர் அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான், அதில் தேறினால் அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேரலாம். எல்லைப் பகுதிப் பெற்றோரோடு பேச மலையாளம் தெரிந்தவர் ஒருவரும், கடற்கரை ஊர்களுக்கு மாலையில் போய் வர வண்டி உள்ளவர் இருவரும் குழுவுக்குத் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தருக. ஏட்டின் படிகள் நூலக மேசையில் இருக்கின்றன. தங்கள் பக்கத்தில் பிழை கண்ட பிள்ளைகள் பென்சிலால் குறித்து என்னிடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர், கல்விக் குழு